கை நனைத்த கடை

அத்தியாயம் ஏழு

வீரய்யா அன்று ஒரு மடக்குத் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் எழுந்து போனாரே, அது ஆண்டியப்பனின் தொண்டையில் ஒரு வாரமாக மீன் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

கந்தப்பளையிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள். பையன் கந்தப்பன் அங்கே ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. அப்பன் வீரய்யா, ஆத்தா அழகம்மா. விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தார்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், ஒற்றைக் காம்பராவில் பாய் விரித்து உட்காரவைத்தார்கள். ஆண்டியப்பனின் பெண்டாட்டி பேச்சியம்மா வளர்த்த கோழியை அடித்துக் குழம்பாக்கி வைத்திருந்தாள். மகள் பூரணிக்குக் கை நிறைய மருதாணி. பெண்ணைப் பார்த்தார்கள். பல்லைப் பார்த்தார்கள், நடையைப் பார்த்தார்கள். கடைசியில், "இன்னொரு நாளைக்குக் கை நனைச்சுக்கிறோம்" என்று எழுந்துவிட்டார்கள்.

பெண் வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் கை நனைத்தால், அதாவது சோறு தின்றால், சம்பந்தம் முடிந்தது. பிடிக்கவில்லை என்றால் பச்சைத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காது. அவர்கள் தோட்டம் இருக்கிற அக்கரப்பத்தனையில் இது கைக்குழந்தைக்கும் தெரியும். அந்தக் கோழிக் குழம்பை லயமே தின்றது. தின்றுவிட்டு லயமே சிரித்தது.

ஆண்டியப்பன் சில்லறைக் கங்காணி. விடிகாலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தில், பேர் கூப்பிட்டுத் தேயிலைக் கொழுந்தெடுக்கிற பெண்களை மேய்க்கிற வேலை. யாரையும் நம்பாமல் இருப்பதுதான் அந்த வேலைக்கு வேண்டிய படிப்பு. அந்தப் படிப்பு மட்டும் அவரிடம் நிறைய இருந்தது. தராசை நம்ப மாட்டார். தராசு பிடிக்கிறவனை அதைவிட நம்ப மாட்டார். மழை விட்டுவிட்டது என்று பெண்டாட்டி சொன்னால் வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு பொய்யும் சொல்லியிருந்தார். "எம் பொண்ணு கூடை மாட்டுனதே இல்லைங்க. அஞ்சாவது படிச்சுட்டு வீட்டோட இருக்கு" என்று வீரய்யாவிடம் அடித்துச் சொல்லியிருந்தார். பூரணியோ பாவாடை சட்டை போட்ட வயசிலிருந்து அவர் மேய்க்கிற கூட்டத்திலேயே கொழுந்து பறிக்கிறாள்.

இன்னொரு இழுபறியும் இருந்தது. பேச்சியம்மாவின் தம்பி செல்லசாமி. நோட்டன் பிரிட்ஜில் அணைக்கட்டு வேலைக்குப் போகிறவன், பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன். தன் மகன் பொன்னையாவுக்குப் பூரணியைக் கேட்டு நடையாக நடந்தான். முறைக்காரன், கேட்கிற உரிமை அவனுக்குத்தான் முதலில். "ஞாயித்துக்கெழம ஹட்டனுக்கு வர்றேன். ஆமாவா இல்லையான்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க மச்சான். இங்க லெட்சுமின்னு ஒரு புள்ளையப் பேசுறாங்க, அவங்களுக்கும் நான் பதில் சொல்லணும்" என்று சொல்லி அனுப்பியிருந்தான்.

அதே ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் வீரய்யாவிடமிருந்தும் சேதி வந்தது. ஹட்டனில் அழகம்மாவின் தங்கச்சி வீட்டுக்கு வருகிறார்களாம். பெண்ணையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்களாம். டவுனில் ஏதாவது ஒரு கடையில் ஒரு வாய் சாப்பிட்டுக்கொண்டே பேசலாமாம்.

சாப்பிட்டுக்கொண்டே! அந்தச் சொல்லை ஆண்டியப்பன் பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் வாய்க்குள் போட்டுச் சப்பிக்கொண்டே வந்தார். யாரையும் நம்பாத மனுசன் ஒன்றை நம்ப ஆரம்பித்தால் அப்படித்தான், தலையோடு முழுகிவிடுவான்.

ஹட்டனில் சாப்பாட்டுக் கடைக்குக் குறைச்சல் இல்லை. ரயில் ஸ்டேசனிலிருந்து பஸ் நிற்கிற இடம்வரை தெரு சரிந்து இறங்கும். இரண்டு பக்கமும் வயிற்றுக்குத்தான் கடை. மலையாளத்தான் தேத்தண்ணிக் கடை, முஸ்லிம் நானா கடை, சிங்கள ஆளுடைய அப்பக் கடை, தூத்துக்குடிக்காரர்களின் சைவக் கடை. சம்பளம் போட்ட ஞாயிறு எல்லாத் தோட்டமும் இங்கேதான் இறங்கும். ஆண்டியப்பனுக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது. மாசத்தில் ஒரு நாள் ஹட்டனில் மத்தியானச் சோறு. தனக்கென்று அவர் வைத்திருந்த ஒரே சுகம் அதுதான். பெண்டாட்டியை ஒரு நாளும் கூட்டி வந்ததில்லை.

"இங்கதான் மாசாமாசம் வர்றீங்களாக்கும்?" என்றாள் பேச்சியம்மா, கடைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே.

"ஆமா."

"வீட்டுக்கு வந்து பசிக்குது பசிக்குதும்பீங்களே?"

"அது வேற பசி. சும்மா வா."

பூரணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பதினெட்டு முடிந்த பெண். டவுன் வாசனையே அவளுக்குப் பாதி வயிறு நிரப்பியிருந்தது. ஒரு கடையில் வெங்காயம் வதங்குகிறது, இன்னொன்றில் மீன் பொரிகிறது. "அப்பா, இதுல எந்தக் கடப்பா நல்லாருக்கும்?" என்றாள்.

அவளுக்கு அவர் பாடமே எடுத்தார். பெயர்ப் பலகையைப் பார்க்கக் கூடாது. கை கழுவுகிற இடத்தைப் பார்க்க வேண்டும். கடை முதலாளி அதே கடையில் சாப்பிடுகிறானா, வீட்டிலிருந்து தூக்குச்சட்டி வருகிறதா என்று பார்க்க வேண்டும். தூக்குச்சட்டி வந்தால் அங்கே கால் வைக்கக் கூடாது. "மங்கள விலாஸ்ல மொதலாளியே எல போட்டு உக்காந்துருவான். அவங்களையும் அங்கதான் வரச் சொல்லி அனுப்பியிருக்கேன்."

மங்கள விலாஸ் வாசலில் வீரய்யா கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றார். அழகம்மா பட்டுச் சேலையைச் சேறு படாமல் தூக்கிப் பிடித்திருந்தாள். கந்தப்பன் அம்மாவுக்குக் குடை பிடித்துக்கொண்டு, பூரணியைப் பார்க்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் குடைக் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாங்க கங்காணியாரே. பசி நேரம். உள்ள போயிப் பேசுவோம்" என்றார் வீரய்யா.

ஆண்டியப்பன் இரண்டு கையையும் குறுக்கே நீட்டினார். "ஒண்ணு சொல்லிப்புடுறேங்க. இன்னிக்கு எங்க சாப்பாடு. எங்க வீட்டுல சாப்புடுறதாவே நெனச்சுக்கணும்."

"யாரு போட்டா என்னங்க. சோறு சோறுதானே."

அந்த வார்த்தையை ஆண்டியப்பன் அப்படியே பிடித்து மடியில் முடிந்துகொண்டார்.

உள்ளே பரிமாறுகிற ஆள் தோளில் துண்டோடு ஓடி வந்தான். "பொம்பளையாளுங்க இருக்காங்க, உள்ரூமுக்கு வாங்க" என்று திரை போட்ட அறையைக் காட்டினான். அழகம்மா எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தாள்.

"அந்தப் பொந்துல யாரு உக்காருவா? எனக்கு இருட்டுல சோறு எறங்காது. இந்தா, ஜன்னல் பக்கம் போடு. பொண்ணு எனக்கு எதிர்த்தாப்ல உக்காரட்டும்."

மருமகளை மாமியார் எதிரே உட்காரவைத்துப் பார்க்க ஆசைப்படுகிறாள். ஆண்டியப்பன் பேச்சியம்மாவின் முழங்கையில் ஒரு இடி இடித்தார். பார்த்தியா, என்று அர்த்தம்.

இலை விழுந்தது. தண்ணீர் தெளித்தார்கள். உப்பு, ஊறுகாய், கத்தரிக்காய்ப் பிரட்டல், வாழைக்காய்ப் பொரியல், ஒரு அப்பளம். அப்புறம் சோறு வந்தது. சம்பாச் சோறு, பொலபொலவென்று, ஆவி பறக்க. தோட்டத்து அரிசி மாதிரி இல்லை; கல்லும் வண்டும் பொறுக்கிப் பொறுக்கிக் கண் பூக்க வேண்டியதில்லை. வெளியே தூறல். ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்தது. மூக்கில் பெருங்காயம் ஏறியது.

பேச்சியம்மா பாதி எழுந்து பரிமாறுகிறவனின் கையிலிருந்த வாளியைப் பிடித்துவிட்டாள். "குடுங்க தம்பி, நான் போடுறேன்."

"ஒக்காருங்கம்மா, ஒக்காருங்க" என்றாள் அழகம்மா. "இங்க அதுக்குன்னு ஆளு இருக்கு. இது ஒங்க லயம் இல்ல."

பேச்சியம்மா சட்டென்று உட்கார்ந்தாள். தனக்கு முன்னால் யாரோ சோறு போடுகிறதை, ஏதோ தப்புப் பண்ணிவிட்டது மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் வாய் உள்ளே போனதும் முகம் மாறிவிட்டது. "என்னமா வச்சிருக்கான்!" என்றாள், யாரிடமும் இல்லாமல்.

பூரணி மூன்று விரல் நுனியால் கிள்ளிக் கிள்ளித் தின்றாள்.

"என்னடி, குருவி மாதிரிக் கொத்துற? பருப்ப நல்லா ஊத்திக்க. வெரல் முங்கப் பெசஞ்சு சாப்புடு. வெக்கப்படாத" என்றாள் அழகம்மா.

விடியுமுன்னே வெறும் தேத்தண்ணியோடு கிளம்பிய பெண். சொல்லவும் வேண்டுமா? பிசைந்தாள். சாம்பாருக்கு ஒரு தரம் சோறு வாங்கினாள், ரசத்துக்கு ஒரு தரம் வாங்கினாள். ரசத்தைக் கையில் ஏந்திக் குடித்துவிட்டு உள்ளங்கையை நக்கினாள். "அம்மா, இந்த மோர் மொளகாயக் கடிச்சுப் பாரேன்" என்று ஆத்தாளின் இலையில் ஒன்றை எடுத்து வைத்தாள். கந்தப்பனே சிரித்துவிட்டான்.

அழகம்மாவின் வாய் மென்றுகொண்டே இருந்தது. கண் மட்டும் பூரணியின் வலது கையை விட்டு நகரவில்லை. கை இலைக்குப் போனால் கண் இலைக்குப் போனது. கை வாய்க்குப் போனால் கண் வாய்க்குப் போனது.

வளையல் அளவு பார்க்கிறாள், என்று ஆண்டியப்பன் நினைத்துக்கொண்டார். அவருக்கு அன்று பாயசம் இரண்டு தரம் இனித்தது.

"சம்பந்தி, இன்னுங் கொஞ்சம் மோருக்குச் சோறு வாங்குங்க" என்றார் வீரய்யாவைப் பார்த்து.

"ம்" என்றார் வீரய்யா. வாங்கினார்.

சம்பந்தி என்று கூப்பிட்டதற்கு ஏன் என்று கேட்கவில்லை! போதாதா?

கை கழுவுகிற இடத்தில்தான் ஆண்டியப்பனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அழகம்மா பூரணியின் கையைப் பிடித்துத் தானே தண்ணீர் ஊற்றினாள். பெற்ற ஆத்தாள் மாதிரிப் பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்த்துவிட்டாள். சவுக்காரம் போட்டும் தேய்த்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் தேய்த்தாள்.

"வெத்தல போட்டுக்கிட்டு இருங்க. எதுத்தாப்ல ஒரு சின்ன சோலி, முடிச்சுட்டு ஓடியாந்துர்றேன்" என்று ஆண்டியப்பன் கிளம்பினார். தலை நிமிர்ந்திருந்தது. நெஞ்சு முன்னால் போயிற்று, கால் பின்னால் போயிற்று.

எதிர்ச்சாரியில் நானா கடை. பெஞ்சு ஓரத்தில் செல்லசாமி உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்து இறைச்சிக் குழம்பில் முக்கிக்கொண்டிருந்தான். நோட்டன் பஸ் கடைக்கு முன்னாலேயே நின்றது. ஆண்டியப்பனைப் பார்த்ததும் அவன் எழுந்து பெஞ்சைத் துண்டால் துடைத்தான்.

"வாங்க மச்சான், வாங்க. நானா, இன்னொரு பிளேட்டு போடுங்க!"

"வேணாம். சாப்புட்டாச்சு."

"ஒரு வா. இந்தக் கொழம்ப மட்டும் பாருங்க. பொன்னையாப் பய ஹட்டன் வந்தா இங்கதான் திம்பான்."

"அவன் எங்க தின்னா எனக்கென்ன?"

செல்லசாமி அதைக் காதில் வாங்காத மாதிரிக் குழம்பை நகர்த்தினான். "அக்கா வரலையா? புள்ள வந்திருக்கா? கூட்டியாங்க, எல்லாருஞ் சாப்புடுவோம்."

"செல்லசாமி, சுத்தி வளைக்காம சொல்லிடுறேன். பூரணிய முடிச்சாச்சு. கந்தப்பள மாப்புள. கணக்கப்புள்ள. அவங்க கை நனைச்சுட்டாங்க."

"அப்புடியா? எப்ப? வீட்டுக்கு வந்தாங்களா?"

"இப்பதான். மங்கள விலாஸ்ல. எஞ் செலவுல."

செல்லசாமி வாயில் இருந்த ரொட்டியை மெல்லாமல் அவரைப் பார்த்தான். அப்புறம் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. மச்சானுக்கு மச்சான் சிரிக்கிற சிரிப்புத்தான்.

"கடையில தின்னா கை நனைக்கிறதா மச்சான்? அப்ப நம்ம நானாவுக்கு ஹட்டன் பூராவும் சம்பந்திதான்!"

நானா சிரித்தார். தட்டுக் கழுவுகிறவன் சிரித்தான். பக்கத்து பெஞ்சில் இருந்த இரண்டு பேர் தலையைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள்.

லயம் சிரித்தது ஆண்டியப்பனுக்கு நினைவு வந்தது. அந்த முள் தொண்டையில் புரண்டது.

"சிமெண்டுச் சட்டி தூக்குற பயலுக்கு வாயப் பாரு. நீ யாருடா எனக்குச் சம்பந்தம் சொல்லித் தர்றது? ஓம் மகனுக்கு என்ன இருக்கு, ஒரு சட்டியும் ஒரு சாக்கும். அதுக்கு எம் பொண்ணு கேக்குதா?"

"மெதுவா மச்சான். நாலு பேரு இருக்காங்க."

"இருக்கட்டும், கேக்கட்டும். பொண்டாட்டிக்குக் கஞ்சி ஊத்த வக்கில்லாம சாகக் குடுத்தவன் நீ. ஓ வீட்டுக்கு எம் பொண்ணு வந்தா அவளும் அதே வழியிலதான் போவா."

நானா கரண்டியைப் பிடித்தபடியே நின்றார்.

செல்லசாமி தட்டைத் தள்ளி வைத்தான். ரொம்ப நேரம் துண்டில் கையைத் துடைத்தான்.

"அவ மஞ்சக்காமாலையில செத்தா மச்சான். ஒங்களுக்குத் தெரியும். பாடைக்கு முன்பக்கம் நீங்கதான் தோள் குடுத்தீங்க."

தெரியும். தெரிந்துதான் சொன்னார். எந்த இடத்தில் அடித்தால் வலிக்கும் என்று தெரியாமல் யாரும் அடிப்பதில்லை. ஆண்டியப்பன் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். திரும்பிப் பார்க்கவில்லை.

மங்கள விலாஸ் வாசலில் அழகம்மா வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு நின்றாள். வீரய்யா குடையை விரித்துக்கொண்டிருந்தார். கிளம்புகிற மாதிரி இருந்தது.

"வந்துட்டேன், வந்துட்டேன். அப்ப நாள் எப்ப வச்சுக்கலாம் சம்பந்தி?"

"எதுக்கு நாளு?" என்றாள் அழகம்மா.

"கல்யாணத்துக்குத்தாங்க."

"யாரு கல்யாணத்துக்கு?"

ஆண்டியப்பன் சிரித்துப் பார்த்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. பேச்சியம்மா சுவரோடு ஒட்டி நின்றாள். பூரணி கையைச் சேலைத் தலைப்புக்குள் ஒளித்து வைத்திருந்தாள். அப்போதுதான் அவர் அதைக் கவனித்தார்.

"என்னங்க இது, வெளையாடுறீங்க. கை நனைச்சீங்களே! எஞ் சோத்த..."

"ஒஞ் சோறா? கடைச் சோறுய்யா அது. பக்கத்து மேசையில ஒரு பொலிஸ்காரன் தின்னானே, அவனும் ஒனக்குச் சம்பந்தியா? பொண்ணு எடுக்குறவங்க பொண்ணு வீட்டு அடுப்புச் சோத்துலதான் கை நனைப்பாங்க. மத்தவன் அடுப்புலயா நனைப்பாங்க? இதுகூடத் தெரியாம எப்புடிய்யா கங்காணி வேல பாக்குற?"

"அப்ப எதுக்குக் கூப்புட்டீங்க?"

அழகம்மா எச்சிலைச் சாக்கடையில் துப்பிவிட்டு வந்து பூரணியின் கையை வெளியே இழுத்தாள். தெருவில் போகிறவர்களுக்கும் தெரிகிற மாதிரி உயரத் தூக்கிப் பிடித்தாள்.

"இதப் பாக்கத்தான். அன்னிக்கு வெளக்கு வெளிச்சத்துல மருதாணிய அப்பி ஏமாத்துனீங்க. சோத்துல கைய வச்சா மறைக்க முடியுமா? வெள்ளச் சோத்துக்கு மேல கரிக்கட்ட மாதிரி வந்துச்சே ரெண்டு வெரலும். கூடை மாட்டுனதே இல்லையாம்! இந்தக் கறுப்பு என்ன, எழுதி எழுதிப் பட்ட மையா?"

கொழுந்துக் கறை. நகக் கண்ணிலும் விரல் வெடிப்பிலும் ஏறி உட்கார்ந்திருந்தது. பறிக்கிறவள் எவளுக்கும் அது இருக்கும். ஆண்டியப்பன் தினமும் பார்க்கிறதுதான். பார்த்துப் பார்த்து அது அவர் கண்ணுக்கே தெரியாமல் போயிருந்தது.

"நம்ம தோட்டத்துலயும் எல்லாருக்கும் அப்புடித்தானம்மா இருக்கு" என்றான் கந்தப்பன் தணிந்த குரலில்.

"அவளுக எல்லாம் ஒனக்குப் பொண்டாட்டியா வரலடா. கொடையப் புடி."

கந்தப்பன் குடையைப் பிடித்தான்.

"விடுங்க, பாத்தாச்சுல்ல" என்று பூரணி கையை உருவிக்கொண்டாள். "எலுமிச்சம்பழம் போட்டுத் தேச்சாத்தான் இது கொஞ்சமாச்சும் போகும். சவுக்காரத்துக்குப் போகாது. சும்மா மெனக்கெட்டீங்க. என்னையக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்."

"வாய் வேற இருக்கு" என்றாள் அழகம்மா. "நல்ல வேள தப்புனோம். வாடா."

வீரய்யா போகிற போக்கில் நின்றார். "பொய் சொல்லாம இருந்திருந்தா யோசிச்சிருப்போம் கங்காணியாரே" என்றார். அது நிசமா, விழுந்தவன் மேல் ஒரு மிதி சேர்த்துப் போட்டதா என்று ஆண்டியப்பனுக்குத் தெரியவில்லை. மூன்று பேரும் ஸ்டேசன் பக்கம் மேட்டில் ஏறிப் போனார்கள். வயிறு நிறையத் தின்றவர்களுடைய நடை.

கடை முதலாளி உள்ளே இருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டான்.

"எந் தம்பி எங்க?" என்றாள் பேச்சியம்மா.

ஆண்டியப்பன் எதிர்ச்சாரியைக் கையால் காட்டினார்.

"அவனப் பாக்கத்தானே போனீங்க? என்ன சொன்னீங்க அவன்கிட்ட?"

பேச்சியம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தெருவைக் கடந்தாள். நோட்டன் பஸ்ஸின் ஜன்னலோரம் செல்லசாமி உட்கார்ந்திருந்தான். அங்கிருந்து பார்த்தால் மங்கள விலாஸ் வாசல் நேரே தெரியும். கையைத் தூக்கிக் காட்டினது வரைக்கும் பார்த்திருப்பான்.

அக்காவும் தம்பியும் ஜன்னல் வழியே பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. ஆனால் பேச்சியம்மா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். தம்பியின் செத்துப்போன பெண்டாட்டியைப் பற்றின பேச்சு அவள் காதுக்குப் போய்விட்டது என்று ஆண்டியப்பனுக்கு அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

அவருக்கு வேறு வழி இல்லை. பூரணியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

"மச்சான், ஏதோ கோவத்துல ஒரு வார்த்த வந்துருச்சு. மனசுல வச்சுக்காத. பொன்னையா நம்ம பய. அவனுக்கே குடுத்துர்றேன். இங்கயே, இப்பவே சொல்றேன்."

செல்லசாமி பஸ்ஸை விட்டு இறங்கினான். நிதானமாகத்தான் இறங்கினான்.

"பொன்னையாவா? நீங்க வேணாம்னுட்டீங்க. இனி அவனுக்கு வேணாம். கணக்கப்புள்ள வீட்டுக்காரன் எலையில தள்ளி வச்சத எடுத்துத் திங்கணும்னு எம் மகனுக்குத் தலையெழுத்தா? லெட்சுமி வீட்டுல இன்னிக்கே பேசி முடிச்சுருவேன்."

"மச்சான்..."

"இருங்க, முடிக்கல. அதுக்காக எங்கக்கா மகள அப்புடியே விட்டுற முடியாது. ஹட்டன் தெருவுல நாலு பேரு பாக்கக் கையத் தூக்கிக் காட்டிட்டாங்க. அடுத்த சம்பளத்துக்குள்ள எல்லாத் தோட்டத்துக்கும் போயிரும். இனிமே எவன் வருவான்? நான் கட்டிக்கிறேன்."

ஆண்டியப்பனுக்கு முதலில் புரியவில்லை.

"தாய்மாமன். மொற இருக்கு, ஊரு ஒண்ணும் சொல்லாது. பொண்டாட்டிக்கு நான் கஞ்சி ஊத்துறேனா இல்லையான்னு நீங்களே வந்து பாத்துட்டுப் போங்க."

"மாமா, நெசமாத்தான் பேசுறீங்களா?" என்றாள் பூரணி. சின்னப் பிள்ளையில் அவளைத் தோளில் வைத்துக் காவடி பார்க்கக் கூட்டிப் போனவன் அவன். செல்லசாமி அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஆண்டியப்பனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வேண்டியது பூரணி இல்லை. இந்த மனுசன் முகம் கறுக்கிறதைப் பார்ப்பதுதான்.

பேச்சியம்மா இப்போது கத்துவாள், என்று ஆண்டியப்பன் காத்திருந்தார். தம்பியின் கன்னத்தில் ஒன்று வைப்பாள். எத்தனையோ வருசம் அவள் வாயை மூடு மூடு என்று அதட்டினவர், இன்றைக்கு அவள் வாயைத் திறக்க மாட்டாளா என்று பார்த்தார்.

"பூரணி, பஸ்ஸுல ஏறு" என்றாள் பேச்சியம்மா.

"பேச்சி! ஒனக்குக் கிறுக்கா? அவன் வயசென்ன, இவ வயசென்ன?"

"நீங்க பேசாதீங்க. கணக்கப்புள்ள வேணும், கணக்கப்புள்ள வேணும்னு எம் மகளத் தெருவுல வச்சுக் கூறு போட்டீங்க. செத்தவள இழுத்து எந் தம்பி நெஞ்ச அறுத்தீங்க. லயத்துக்கு இவள எந்த மொகத்தோட கூட்டிப் போவீங்க? போயி என்ன சொல்லுவீங்க, சாப்பாடு நல்லாருந்துச்சுன்னா?"

"அம்மா, எனக்கு வேணாம்மா" என்றாள் பூரணி.

"வேணும் வேணாம்னு பேசுற காலம் இந்தா இப்பத்தான் தெருவோட போச்சு. ஏறுடி."

பேச்சியம்மா முன்னால் ஏறி உட்கார்ந்துவிட்டாள். செல்லசாமியும் ஏறினான். பூரணி ஒரு காலைப் படியில் வைத்தாள், மற்றக் கால் தரையில் இருந்தது. அப்பனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் இறங்கு என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அந்தக் காலை அவள் எடுத்திருப்பாள். பஸ்காரன்கூட மணிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் பொறுத்தான்.

இறங்கச் சொல்லி எங்கே கூட்டிக்கொண்டு போவது? லயத்து வாசலில் எல்லாரும் காத்திருப்பார்கள். கை நனைச்சாங்களா கங்காணியாரே, என்று கேட்பார்கள். அதை நினைத்ததும் ஆண்டியப்பன் பஸ் படியை விட்டு ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்தார்.

பூரணி இன்னும் கொஞ்சம் பார்த்தாள். அப்புறம் மற்றக் காலையும் தூக்கி வைத்தாள்.

மணி அடித்தது. பஸ் புகையைக் கக்கிக்கொண்டு நகர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே பூரணியின் தலை வந்தது. அழவில்லை. மழைச் சத்தத்திலும் கேட்கிற மாதிரிக் கூவித்தான் கேட்டாள்:

"அப்பா, நாளைக்குக் காலம்பறப் பெரட்டுல எம் பேரு வர்றப்ப என்ன பண்ணுவீங்க?"

பெரட்டில் அவர் கூட்டத்துக்குப் பெயர் கூப்பிடுகிறவரே அவர்தான்.